அபரஞ்சியின் பிம்பம் காணாமல் போன பதினொரு நாள்

‘அந்தி வந்த மருமகள்’ தொடரின் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் பகுதியில் நெஞ்சில் முருங்கைக் கட்டை பாய்ந்து செத்துப்போய், தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் பகுதியில் இரண்டாவது விளம்பர இடைவேளைக்குப் பிறகு எழுந்து உட்கார வேண்டியிருந்த இரத்தக்காட்டேரி மருமகள் அபரஞ்சி, அதாவது அபரஞ்சியாக நடித்துவந்த குமுதவல்லி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வளசரவாக்கத்துப் படப்பிடிப்பு பங்களாவின் ஒப்பனை அறைக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து, தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தபோது, கண்ணாடியில் நாற்காலி இருந்தது, மேசைமேல் வைத்த தேநீர் இருந்தது, சுற்றிலும் பன்னிரண்டு பல்புகள் எரிந்தன, பின்னால் ஒப்பனைக்காரர் ஏழுமலை சீப்போடு நின்றார், குமுதா மட்டும் இல்லை.

ஏழுமலை இருபத்திரண்டு வருடமாக முகங்களைக் கண்ணாடி வழியாகவே பார்த்து ஒப்பனை செய்து பழகியவர். நேருக்கு நேர் பார்த்தால் அவருக்குக் கை ஓடாது.

“அக்கா, கொஞ்சம் நேரா குந்துங்கோ” என்றார்.

“நேராத்தாண்ணே உட்கார்ந்திருக்கேன்.”

ஏழுமலை கண்ணாடியைத் துணியால் துடைத்தார். கண்ணாடி இன்னும் தெளிவாக நாற்காலியைக் காட்டியது.

“இல்லியேக்கா நீங்க.”

“எங்க இல்ல?”

“கண்ணாடில.”

குமுதா முன்னால் எக்கிப் பார்த்தாள், பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாள், பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “பல்லு வெச்சாச்சா?” என்று கேட்டாள்.

“இன்னும் வெக்கல.”

“முதல்ல பல்ல வைங்க. இன்னிக்கு ஒம்போது மணிக்கு ஷாட்டு. மத்தத அப்புறம் பாக்கலாம்.”

கண்ணாடியில் உருவம் தெரியாது என்ற விதி உண்மையில் மேலைநாட்டுக் காட்டேரிகளுக்கு உரியது. நம் ஊர்க் காட்டேரிகள் கண்ணாடி பார்த்துத் தலைவாரிக்கொண்டதாகவோ, பார்த்து ஏமாந்ததாகவோ எந்தச் சான்றும் இல்லை. அவை சுருட்டும் கருவாடும் கேட்டன, கிடைத்ததும் போய்விட்டன. தொடரின் கதைக் குழுவினர் மேலைநாட்டு விதிகளை மொத்தமாக இறக்குமதி செய்து, சிலுவை இருந்த இடத்தில் விபூதியையும் கூரான மரக்கட்டை இருந்த இடத்தில் முருங்கையையும் வைத்தார்கள், முருங்கையைக் கொண்டு யாரையாவது குத்தினால் முதலில் உடைவது முருங்கைதான் என்பதைப் பற்றிக் கவலைப்படாமல். தகராறு செய்தது பூண்டு ஒன்றுதான். பூண்டைக் கண்டால் ஓட வேண்டிய ஒரு மருமகள், பூண்டு ரசம் வைக்காத நாளே இல்லாத கூட்டுக் குடும்பத்தில் எப்படி வாழ்வாள்? அந்தக் கேள்வியை மாமியார் கையில் கொடுத்து, அவரை ஒரு முறம் பூண்டோடு கூடத்தில் உட்காரவைத்து, “உரிச்சுக் குடும்மா” என்று சொல்லவைத்தே முந்நூறு பகுதிகள் ஓட்டினார்கள். ஆனால் காட்டேரியின் உருவம் கண்ணாடியில் தெரியாது என்றால் அது கட்டியிருக்கும் சேலையும் ஏன் தெரிவதில்லை என்ற கேள்வியை மட்டும், மேலைநாட்டிலும் சரி வளசரவாக்கத்திலும் சரி, இதுவரை யாரும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

ஒன்பது மணிக்குள் செய்தி பங்களா முழுக்கப் பரவியது. பரவியதே தவிர யாருடைய இட்லியும் ஆறவில்லை. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிப் பட்டப்பகலில் நடுநிசி எடுத்துவிட்டு, உண்மையான இருட்டு வருவதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடும் கூட்டம் அது. எது இருக்கிறது எது இல்லை என்பதில் அவர்களுக்கு அவ்வளவு பிடிவாதம் கிடையாது. மாமியார் பெரியநாயகியாக நடித்த பத்மாசனி அம்மாள், தன் இடுப்பிலேயே எப்போதும் இருக்கும் கைக்கண்ணாடியை எடுத்துக் குமுதாவின் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார்.

“ரோல் மேல புடிச்சுக்கிச்சு, அவ்வளவுதான்” என்றார். “நான் மாரியம்மனா நடிச்சப்ப மூணு நாள் அம்மை போட்டிருந்துச்சு. வேப்பிலைய வீசிக்கிட்டேதான் டப்பிங் பேசினேன். யார்கிட்டயாவது சொன்னேனா?”

“இப்ப சொல்றீங்களேம்மா” என்றாள் குமுதா.

“கேக்கறதால சொல்றேன்.”

யாரும் கேட்கவில்லை.

இயக்குநர் சம்பந்தம் முதலில் சந்தோஷப்பட்டார். காட்டேரி கண்ணாடி முன் நிற்கும் காட்சிக்காக மூன்று வருடமாக வெறும் சட்டத்தை மாட்டி, அந்தப் பக்கம் இன்னொரு அறை அமைத்து அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. “கடவுளாப் பார்த்து ஒரு வேலையைக் குறைச்சிருக்கான்” என்றார். ஆனால் முதல் ஷாட்டுக்கு விளக்கு போட்டதும் ஒளிப்பதிவாளர் கேமராவுக்கு மேலாக எட்டிப் பார்த்தார், உள்ளே பார்த்தார், மறுபடி மேலாகப் பார்த்தார்.

“நேர்ல இருக்காங்க சார். உள்ள இல்ல.”

மானிட்டரில் கூடம் இருந்தது, ஊஞ்சல் இருந்தது, மாமியார் இருந்தார், மாமியார் யாரையோ பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார். அபரஞ்சி இல்லை. மைக்குக்கு மட்டும் அவளைத் தெரிந்திருந்தது. அவள் பேசியது துல்லியமாகப் பதிவானது. சம்பந்தம் தாடியைச் சொறிந்துவிட்டு, ஒரு மின்விசிறியை வைத்துத் திரைச்சீலையை அசையவிட்டு, குடும்பமே அண்ணாந்து காலியான இடத்தைப் பார்த்து நடுங்குவதாக அன்றைய காட்சியை எடுத்து முடித்தார். அந்த வாரம் தொடரைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை கூடியது. இரண்டாயிரத்து முந்நூறு பேர், நடிப்பு முன்பைவிடப் பிரமாதம் என்று கருத்து எழுதினார்கள்.

ஆக, வாழ்க்கை அதைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டது. ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவிக் குமுதாவுக்குப் பொட்டு வைத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கைக்கண்ணாடியோடு வந்து அவள் பக்கத்தில் நின்று, தங்கள் முகம் மட்டும் தெரிவதைப் பார்த்துத் திருப்தியோடு திரும்பினார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் கண்ணாடியில் ஆள் தெரியாததால் அவள் வழியிலேயே இறங்கிவிட்டாள் என்று முடிவுசெய்து, “அண்ணே, அண்ணே” என்று அவள் கத்தக் கத்தத் திரும்பிப் பார்க்காமல் போரூர் ஏரிவரை பாட்டுக் கேட்டுக்கொண்டே போனார். அவள் குடியிருந்த அடுக்குமாடிக் காவலாளியோ, கேமராவில் பதியாதவர்கள் குடியிருப்பவர்கள் ஆகமாட்டார்கள் என்ற விதியைக் காட்டி, தினமும் விருந்தினர் நோட்டில் அவளிடம் கையெழுத்து வாங்கினார். ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் அவள் தன் பெயரையே எழுதினாள்.

சுற்றிக்கொண்டு போக முடியாத ஒரே ஆள் தென்காசியில் இருந்தாள். குமுதாவின் அம்மா இசக்கியம்மாளுக்கு முட்டி தேய்ந்து வாசல் தாண்ட முடியாது. மகளைப் பார்ப்பது இரவு ஒன்பதரை மணித் தொடரிலும், அது முடிந்ததும் வரும் வீடியோ அழைப்பிலும்தான்.

“ஏட்டி, செவத்தக் காட்டிக்கிட்டுப் பேசுத. மூஞ்சியக் காட்டு.”

“போன்ல கேமரா கெட்டுப்போச்சும்மா.”

“நேத்தும் இதத்தான சொன்ன. டிவிலயும் ஒன்னக் காணல, கொரலு மட்டும் வருது. செத்தவ பேசுத மாதி இருக்கு. எனக்குச் சோறு எறங்கல கேட்டியா.”

“கதை அப்படிம்மா. அடுத்த வாரம் வந்துருவேன்.”

அடுத்த வாரம் வந்தது சேனலிலிருந்து ஓர் அதிகாரி. காலியான இடத்தைப் பார்த்து நடுங்கும் குடும்பத்தை ஒரு வாரம் பார்க்கலாம், இரண்டு வாரம் பார்க்க முடியாது, விளம்பரம் கொடுப்பவர்கள் கதாநாயகியின் கழுத்தில் நகையைப் பார்க்க விரும்புகிறார்கள் என்றார். எனவே வருகிற வெள்ளிக்கிழமைப் பகுதியில் ‘அட்டை’ போட்டுவிடலாம். தொடர் பார்க்கும் எவருக்கும் அந்த அட்டையைத் தெரியும். இடதுபக்கம் பழைய நடிகையின் படம், வலதுபக்கம் புது நடிகையின் படம், நடுவில் ‘இவருக்குப் பதில் இவர்’. மூன்று நொடிதான் திரையில் நிற்கும். அந்த மூன்று நொடியில் மனைவிகள் மாறியிருக்கிறார்கள், தகப்பன்கள் மாறியிருக்கிறார்கள், இரட்டையரில் ஒருவர் மட்டும் மாறியிருக்கிறார். வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சாம்பாரை ஊற்றிக்கொண்டே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நடனப் போட்டியில் ஜெயித்த ஒரு பெண்ணைப் புது அபரஞ்சியாகப் பேசி முடித்தாயிற்று என்று சொல்லிவிட்டு அதிகாரி மோர் குடித்துப் புறப்பட்டார்.

குமுதா ஒன்பது வருடம் கதாநாயகியின் தோழியாக, தங்கையாக, மருத்துவமனைக் காட்சியில் “டாக்டர் கூப்பிடறார்” என்று சொல்லும் நர்ஸாக நின்றபிறகு கிடைத்த வேடம் அபரஞ்சி. இதைவிட்டால் இன்னொரு தொடருக்குப் போகலாம் என்பதற்கும் வழியில்லை; கேமராவுக்கே தெரியாத நடிகையை எந்தத் தொடரில் எடுப்பார்கள்? அவள் அழுதாள். அழுதது யாருக்கும் மானிட்டரில் தெரியவில்லை. நேரில் பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சம்பந்தம் உதவி இயக்குநர் மங்கையர்க்கரசியைக் கூப்பிட்டார்.

“அரசி, செட்ல ஒரு பொருள் காணாமப் போனா கண்டுபுடிக்கறது யாரு வேலை?”

“கன்டினியூட்டி வேலை சார்.”

“குமுதாவோட பிம்பத்தக் காணோம். வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபுடி.”

கன்டினியூட்டி என்பது, அழுதபடி அறையைவிட்டு வெளியேறும் பெண் இரண்டு நாள் கழித்து எடுக்கப்படும் அடுத்த ஷாட்டில் கூடத்துக்குள் நுழையும்போது அதே வளையலோடும் அதே கண்ணீரோடும் நுழைகிறாளா என்று பார்க்கும் உத்தியோகம். அரசி விருத்தாசலத்துக்காரி, இருபத்தேழு வயது, அவளிடம் ஒரு பெரிய நோட்டும் ஒரு பச்சைப் பேனாவும் போனில் ஆறாயிரம் புகைப்படங்களும் இருந்தன. ஒவ்வொரு காட்சிக்கும் நோட்டில் ஒரு பக்கம்: சேலை, பொட்டு, பூ, இரத்தம் எந்தப் பக்கம், பல் உள்ளேயா வெளியேயா, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பச்சை டிக். சாவுக் காட்சி என்றால் கடைசியில் கூடுதலாக ஒரு கட்டம், ‘சிரிப்பு’. செத்தவராக நடித்தவர் எழுந்திருப்பதற்கு முன், படுத்தவாக்கிலேயே கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட வேண்டும். அந்தச் சிரிப்பு எந்தத் திரையிலும் வராது, எடிட்டர் வெட்டி எறிந்துவிடுவார். ஆனாலும் சும்மாதான் செத்தேன் என்று கேமராவிடம் சொல்லாமல் எழுந்து போகக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பூசணிக்காய் உடைப்பதைப்போல் விடமுடியாத வழக்கம்; கடவுள் இல்லை என்று மேடையில் பேசும் நடிகர்கள்கூடச் செத்ததும் சிரித்துவிட்டுத்தான் எழுவார்கள்.

அரசி முறைப்படி விசாரித்தாள். பத்மாசனி அம்மாளின் இடுப்புக் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

“என்னடி தேடற?”

“குமுதாக்கா உள்ள இருக்காங்களான்னும்மா.”

“அதுல எனக்கே இடம் பத்தல. நாப்பது வருஷமா நான் ஒருத்தி பாத்த கண்ணாடி அது.”

அது உண்மையாகத்தான் இருந்தது. ஏழுமலையின் பன்னிரண்டு பல்புக் கண்ணாடியைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தாள். ஒரு பல்லியும் ஒரு பழைய ஒட்டுப்பொட்டும் கிடைத்தன. புது அபரஞ்சியாக வரவிருந்த நடனப் பெண்ணைப் போய்ப் பார்த்தாள். அவளிடம் ஒரே ஒரு பிம்பம்தான் இருந்தது, அது அவளுடையது. யாரும் எதையும் எடுத்திருக்கவில்லை. புதன் கழிந்து வியாழன் வந்தது.

வியாழக்கிழமை மதியம் அரசி படிக்கட்டில் உட்கார்ந்து போனில் உள்ள புகைப்படங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். குமுதா இல்லாத படம், குமுதா இல்லாத படம், குமுதா இல்லாத படம். செவ்வாய் தாண்டித் திங்கள். திங்கள் மதியம் பன்னிரண்டு நாற்பத்தெட்டில் குமுதா இருந்தாள்: மெரூன் சேலை, நெஞ்சில் முருங்கைக் கட்டை, தரையில் மல்லாந்து கிடந்தாள். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் பகுதி, பதினான்காம் காட்சி, சாவு.

அன்று சம்பந்தத்துக்குக் கலை வந்திருந்தது. வாழ்நாளெல்லாம் கண்ணாடியில் தெரியாத காட்டேரி சாகும் கணத்தில் மனுஷியாகிறாள், அதனால் முதன்முதலாகக் கண்ணாடியில் தெரிகிறாள் என்று சொல்லி, ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வாடகைக்கு வரவழைத்துக் கூடத்தின் கோடியில் நிறுத்தி, குமுதாவை எடுக்காமல் கண்ணாடிக்குள் கிடந்த குமுதாவை எடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். குமுதாவுக்கு அதன்பிறகு காட்சி இல்லை. தலைவலி என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் மறுநாள் காலைதான் வந்தாள்.

அதற்கடுத்த படம் பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. தரையில் இரத்தம் எங்கே சிந்தியிருக்கிறது என்று குறிப்புக்காக எடுத்தது. குமுதா எழுந்து போய்விட்டிருந்தாள்; தரை காலி. பின்னால் கண்ணாடி. கண்ணாடிக்குள் மெரூன் சேலையில் ஒருத்தி மல்லாந்து கிடந்தாள்.

அரசி அந்தப் படத்தை இந்தப் பத்து நாளில் முப்பது முறையாவது பார்த்திருப்பாள். கன்டினியூட்டிக் கண் நகர்ந்ததைத்தான் தேடும், நகராததை விட்டுவிடும்.

அவள் நோட்டைப் புரட்டினாள். பதினான்காம் காட்சி. சேலை, டிக். பொட்டு, டிக். இரத்தம் இடதுபக்கம், டிக். பல் உள்ளே, டிக். சிரிப்பு, டிக். பிறகு எடிட்டரின் அறைக்குப் போய், வெட்டி எறிந்ததையெல்லாம் திரும்ப ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். சாவு இருந்தது, இயக்குநரின் ‘கட்’ இருந்தது, கைதட்டல் இருந்தது, யாரோ வாசலிலிருந்து “பிரியாணி வந்துடுச்சு!” என்று கத்தியது இருந்தது, நாற்காலிகள் நகரும் சத்தம் இருந்தது. சிரிப்பு இல்லை.

அரசிக்கு அந்த மதியம் முழுவதும் நினைவுக்கு வந்தது. தயாரிப்பாளரின் பிறந்தநாள். ஆம்பூரிலிருந்து வந்த அண்டா. மீதியிருந்த கட்டங்களிலெல்லாம் வரிசையாகப் பச்சை டிக் போட்டுக்கொண்டே அவள் ஓடியது. திருடனைத் தேடி இரண்டு மூன்று நாள் அலைந்த துப்பறிபவள் கடைசியில் தன் கையெழுத்தைக் கண்டுபிடித்தாள். நோட்டை மூடினாள். சாவுச் சிரிப்பை விட்டவளை எந்த செட்டிலும் சேர்க்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். யாரிடமும் எதுவும் சொல்லாமல் கண்ணாடியைத் தேடி வடபழனிக்குப் போனாள்.

படப்பிடிப்புக்குச் சாமான்கள் வாடகைக்கு விடும் பீர் முகமது தன் கிடங்கில் சிம்மாசனங்களுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கும் நடுவே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பாய், போன வாரம் எங்க செட்டுக்கு ஒரு ஆளுயரக் கண்ணாடி குடுத்தீங்களே.”

“எது, உள்ள ஒரு அம்மா படுத்திருக்காங்களே, அதா?”

“அதான் பாய்.”

“நல்ல கண்ணாடிம்மா. நடுவுல ரெண்டு நாள் புராணத் தொடருக்குப் போயிட்டு வந்துச்சு.”

“அவங்க ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னாங்களே, ஓரத்துல ஒரு கீறல் இருக்குன்னு.”

புராணத் தொடரில் இந்திர சபையின் பின்னால் கிடப்பது யார் என்று கேள்வி வந்ததாம். சாபம் பெற்ற ஒரு அப்சரஸ் என்று வசனம் ஒன்றைச் சேர்த்துச் சரிசெய்துவிட்டார்களாம். கிடங்கில் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஓர் ஊதுபத்தி எரிந்தது. கட்டில்களை இழுக்கும்போது சத்தம் வராமல் தூக்கி வைக்குமாறு பீர் முகமது ஆட்களிடம் சொல்லியிருந்தார். “எத்தினி நாளா அசையாம படுத்திருக்காங்க. தூக்கம்னா தூங்கட்டும்னு விட்டுட்டேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கண்ணாடி ஒரு சிறிய லாரியில் வந்தது. உள்ளே இருப்பவள் சரிந்துவிடக் கூடாதென்று நான்கு பேர் அதைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு வந்து, பழைய இடத்தில், தரையில் இன்னும் காய்ந்திருந்த செயற்கை இரத்தத்துக்கு நேரே நிறுத்தினார்கள். துணியை விலக்கினார்கள். மெரூன் சேலை, முருங்கைக் கட்டை, மூடிய கண்கள்.

பச்சை நைட்டியில் வந்து நின்ற குமுதா கொஞ்ச நேரம் தன்னைத் தானே பார்த்தாள். பிறகு கண்ணாடியை விரலால் தட்டினாள்.

“ஏ, எந்திரி. ஷாட்டு முடிஞ்சு பதினோரு நாளாச்சு.”

உள்ளே அசைவில்லை.

“கட்!” என்றார் சம்பந்தம். பிறகு இன்னும் சத்தமாக, “கட்! கட்!” என்றார். தெருவில் போன ஒரு பால் வண்டி நின்றது. பிம்பம் நிற்கவும் இல்லை எழவும் இல்லை. பத்மாசனி அம்மாள் தன் நாற்பது வருட அனுபவத்தையெல்லாம் திரட்டி, “அபரஞ்சி! என் கண்ணே! இனிமே பூண்டு உரிக்கச் சொல்லமாட்டேன்டி!” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்; விளக்குப் பிடித்தவருக்குக் கண் கலங்கியது, உள்ளே இருப்பவளுக்குக் கலங்கவில்லை. ஏழுமலை கற்பூரம் காட்டினார். சேனலிலிருந்து போன் வந்தது: அட்டை தயார், நான்கு மணிக்குள் புது நடிகையின் படத்தை அனுப்ப வேண்டும். மணி இரண்டேகால்.

“நல்ல ஆர்ட்டிஸ்ட்” என்று சம்பந்தம் தணிந்த குரலில் சொன்னார். “நாம எதையோ சொல்லாம விட்டிருக்கோம், அதான் எந்திரிக்கல. எதைன்னுதான் தெரியல.”

குமுதா கண்ணாடிக்கு எதிரே, அதே இரத்தக் கறைமேல், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் கையில் போன் அடித்தது, தென்காசி. அவள் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது.

அரசி நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மூன்றாவது முறை போன் அடித்தபோது முன்னால் வந்தாள்.

“சார். சிரிப்பு எடுக்கல.”

“என்ன?”

“பதினாலாம் சீன். சாவுச் சிரிப்பு. எடுக்கல சார்.”

ஏழுமலை கற்பூரத்தைக் கீழே வைத்தார்.

“நோட்டுல டிக் போட்டிருந்தியேடி?” என்றார் பத்மாசனி அம்மாள். “நானே பாத்தேனே.”

“பிரியாணி வந்துச்சும்மா. போட்டுட்டு ஓடிட்டேன்.”

சம்பந்தம் வாயைத் திறந்தார். அவருக்கு அந்த மதியம் நினைவு வந்திருக்க வேண்டும். ‘கட்’ சொன்ன கையோடு முதல் தட்டை எடுத்தவர் அவர். ஒளிப்பதிவாளருக்கும் நினைவு வந்தது, ஏழுமலைக்கும் நினைவு வந்தது, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போன பத்மாசனி அம்மாளுக்கும் நினைவு வந்தது. ஒரு முழு யூனிட்டும் தரையில் கிடந்தவளைத் தாண்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு ஓடிய சத்தம் கூடத்தில் மறுபடி கேட்டதுபோல் இருந்தது. சம்பந்தம் வாயை மூடிக்கொண்டார்.

“அப்ப நீயே கேளும்மா” என்றார் பிறகு. “கேக்க வேண்டியவ நீதான்.”

அரசி கண்ணாடி முன்னால் மண்டியிட்டாள்.

“அக்கா” என்றாள். “ஷாட் ஓகே. சும்மாதான் செத்தீங்க. ஒரே ஒரு தடவ கேமராவப் பாத்துச் சிரிங்கக்கா.”

உள்ளே கிடந்தவள் முதலில் ஒரு கண்ணைத் திறந்தாள். இடப்பக்கம் கேமரா இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது, ஒளிப்பதிவாளர் ஓடிப்போய் அதன் பின்னால் நின்றிருந்தார். அதன்பிறகு சிரித்தாள். பதினொரு நாள் அடக்கிவைத்திருந்த சிரிப்பு அது. உதட்டில் தொடங்கிக் கன்னத்துக்குப் போய், தோளைக் குலுக்கி, முருங்கைக் கட்டை நெஞ்சிலிருந்து நழுவி விழும்வரை சிரித்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து சத்தம் வரவில்லை, ஆனாலும் கூடத்தில் நின்ற முப்பத்தேழு பேரும் காரணமே இல்லாமல் சிரித்தார்கள், கடைசியாகக் குமுதாவும். பிறகு பிம்பம் எழுந்து உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டு, கொசுவத்தை உதறிச் சரிசெய்துகொண்டு, குமுதாவுக்கு எதிரே வந்து நின்றது. மெரூன் சேலைக்கு எதிரே பச்சை நைட்டி.

“சேரல” என்றார் சம்பந்தம் பதற்றத்தோடு.

“அக்கா, நீங்க போய் அந்த மெரூனக் கட்டிக்கிட்டு வாங்க” என்றாள் அரசி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “இரத்தம் இடதுபக்கம். பூ ரெண்டு முழம். பல்லு உள்ள.”

குமுதா கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பொட்டு பொட்டோடும் பூ பூவோடும் பொருந்தியது. ஒருமுறை இவள் கையைத் தூக்க அவளும் தூக்கினாள். மானிட்டரில், ஊஞ்சலுக்கும் மாமியாருக்கும் நடுவில், அபரஞ்சி நின்றாள்.

சேனலுக்குப் போன் செய்தார்கள். அங்கே சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அட்டைக்கான நேரம் ஒதுக்கியாயிற்று, ஒதுக்கிய நேரத்தைத் திரும்பப் பெறும் படிவம் தங்களிடம் கிடையாது, வலதுபக்கத்துக்கு ஏதாவது ஒரு படம் நான்கு மணிக்குள் வந்தே ஆக வேண்டும் என்றார்கள். மணி மூன்று ஐம்பது. அரசி அப்போதுதான் எடுத்த கன்டினியூட்டிப் படத்தை அனுப்பினாள். அன்று இரவு தொடருக்கு முன்னால் மூன்று நொடி, இடதுபக்கம் குமுதா, வலதுபக்கம் குமுதா, நடுவில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் நின்றது.

பார்த்தவர்கள் சாம்பாரை ஊற்றிக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். புதுப் பெண் பரவாயில்லை என்று சிலர் எழுதினார்கள். பழையவளின் மிடுக்கு இவளிடம் இல்லை என்று பலர் எழுதினார்கள். பழைய அபரஞ்சியைத் திரும்பக் கொண்டுவரும்வரை தொடரைப் பார்க்கப்போவதில்லை என்று எழுதிய நானூறு பேர் மறுநாளும் பார்த்துவிட்டு அதையே மறுபடி எழுதினார்கள். அரசியின் பச்சைப் பேனா பறிக்கப்பட்டது. பதிலுக்கு ஒரு பென்சிலும், அழிக்கும் ரப்பரும் தரப்பட்டன. வேறு தண்டனை எதுவும் இல்லை, யூனிட்டில் இனிமேல் சாவுக் காட்சி நாளில் தயிர்சாதம்தான் என்ற தீர்மானத்தைத் தவிர.

வெள்ளிக்கிழமை இரவு தொடர் முடிந்ததும் தென்காசியிலிருந்து போன் வந்தது. குமுதா இந்த முறை கேமராவை முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

இசக்கியம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

“யாருட்டி நீ? அந்தப் புதுப் புள்ளையா?”

“அம்மா, நான்தாம்மா. குமுதா.”

“அட்டையில போட்டாம்லா.”

“அதுலயும் நான்தாம்மா. ரெண்டுமே நான்தான்” என்று சொல்லும்போதே குமுதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஆங்” என்றாள் இசக்கியம்மாள், நம்பியும் நம்பாமலும். “போகட்டு, நீ யாரா வேணா இரு. பழையவ நல்லாத்தான் நடிச்சா. ஆனா மூணு வருசத்துல ஒரு நா சிரிச்சு நாம் பாத்ததில்ல. நீ சிரிக்கும்போது எம் பொண்ணு சின்னதுல சிரிச்ச மாதியே இருக்கு.”

போன் திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் இருந்த குமுதா அதற்குச் சிரித்தாள்; அவளைப் பார்த்துவிட்டுத்தான் குமுதாவும் சிரித்தாள்.